சாக மறுத்த கலங்கள்

என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாதா கோவில் மணி அடித்து, சனம் வெள்ளை உடுப்போடு பூசைக்குப் போகிற நேரத்தில் அவள் ஊர்காவற்றுறையில் யாழ்ப்பாண பஸ்சுக்காக நிற்பாள். கலங்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும். தவறவிட்டால் அதுகள் தங்கள் கழிவிலேயே கிடந்து வாடிவிடும் என்பாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சக் காலமாக அவள் பட்டணத்தில் கோழிப்பண்ணை நடத்துகிறாள் என்றே நினைத்திருந்தார்.

அவள் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி மாணவி. நான் இங்கே தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். அவள் வளர்ப்பவை மனித உடம்பின் கலங்கள், செல் என்கிறார்களே, அவை. எந்த நாட்டிலோ எவரோ ஒருவருடைய மார்புப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு, எத்தனையோ கை மாறி, உறைந்த நிலையில் இங்கே வந்து சேர்ந்தவை. தட்டையான பிளாஸ்டிக் குடுவைக்குள் வெளிர் சிவப்புத் திரவத்துக்கு அடியில், வெறும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு பெருகும். அவளுடைய கைத்தொலைபேசி முழுக்க அவற்றின் படங்கள்தான். எங்கள் கலியாணப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அந்தச் சாம்பல் புள்ளிகளைத் தள்ளித் தள்ளிக் கீழே போக வேண்டும்.

முதலில் எனக்கு அந்தக் கலங்களில்தான் பொறாமை வந்தது. ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கஞ்சி வைத்து மூடினாள், பனடோலையும் தண்ணீரையும் கதிரையில் எடுத்து வைத்தாள். பிறகு கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மத்தியான பஸ்சில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒருவருடைய புற்றுநோய்க்கு என்னைவிடக் கூடக் கவனிப்புக் கிடைக்கிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருக்கவில்லை.

பிறகுதான் அவன் வந்தான்.

அவன் காரைநகர்க்காரன். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து, அங்கேயே நின்றுவிடாமல் திரும்பி வந்து, அதே ஆய்வுகூடத்தில் சேர்ந்தான். என் மனைவியின் வயதுதான் இருக்கும். இரண்டு பேரும் ஒரே பேராசிரியருக்குக் கீழே, ஒரே கேள்வியில் வேலை செய்தார்கள். புற்றுக்கலம் ஏன் சாகாமல் இருக்கிறது, அதை எப்படிச் சாகப் பண்ணுவது என்பதுதான் கேள்வி. பின்னேரங்களில் அவன் தொலைபேசியில் அழைப்பான். அவள் வளவில் வேப்பமரத்தடியில் நடந்துகொண்டு கதைப்பாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நடுவில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாத சிரிப்பு.

ஒருநாள் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். காரைநகருக்கும் எங்களுக்கும் இடையில் கடல் ஒரு கூப்பிடு தூரம்தான். மோட்டார் சைக்கிளோடு ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற தட்டையான படகை நாங்கள் பாதை என்று சொல்வோம். அவன் அந்தப் பாதையில் ஏறி வந்தான். மெலிந்த ஆள், அதிகம் நரைத்த தாடி, காலில் சாதாரணச் செருப்பு. நான் மனதில் செய்து வைத்திருந்த உருவத்தோடு எதுவும் பொருந்தவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் சொதியும் வைத்திருந்தாள். மேசையில் இருந்ததும் அவர்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். நான் சும்மா சோறு பிசைவதை அவன்தான் முதலில் கவனித்தான். உடனே தமிழுக்கு மாறினான். அந்த மரியாதை என்னை இன்னும் கூடச் சுட்டது.

"அண்ணை, கலத்தைக் கொல்லுறதுக்கு வெளியிலயிருந்து ஒண்டும் போகத் தேவையில்லை," என்றான். "சாகிற ஏற்பாடு உள்ளுக்கயே எப்பவும் ஆயத்தமாத்தான் கிடக்கு. அதை விடாமப் பிடிச்சு வைச்சிருக்கிற புரதங்கள் சிலது இருக்கு. புற்றுக்கலம் அந்தப் புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் செய்யும். அதாலதான் சாகாது. நாங்கள் குடுக்கிற மருந்து கலத்தைத் தொடாது. பிடிச்சு வைச்சிருக்கிற அந்தப் புரதத்தைப் போய்ப் பிடிக்கும்."

"தடுக்கிறதைத் தடுக்கிறது," என்றாள் என் மனைவி.

"நீர் சொல்லுறதுதான் சுருக்கம்," என்றான் அவன்.

நீர் என்ற சொல் எங்கள் பக்கத்தில் மரியாதையும் நெருக்கமும் சரிபாதி கலந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவளை நீர் என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என்னை நீங்கள் என்பாள். அன்று சாப்பாட்டு மேசையில் கவனித்தேன். அவன் அவளுக்கு நீர், அவளும் அவனுக்கு நீர். ஒரே படியில் நிற்கிற இரண்டு பேர். எனக்கு மட்டும் நீங்கள் என்று ஒரு கதிரை போட்டு, கொஞ்சம் தள்ளி இருத்தியிருந்தார்கள். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இப்படியான வில்லங்கங்களும் உண்டு.

சாவதற்கு ஏன் உள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஏதாவது கேட்கத்தானே வேண்டும். என் மனைவி என் கையைக் காட்டினாள்.

"உங்கட விரலைப் பாருங்கோ. தாயின்ர வயித்தில இருக்கேக்க அதெல்லாம் ஒண்டாத்தான் ஒட்டியிருந்தது. இடையில இருந்த கலங்கள் நேரம் வந்த உடன தாங்களே செத்துப் போச்சுதுகள். அதாலதான் விரல் விரலாப் பிரிஞ்சது."

குழம்பு ஒட்டிய என் விரல்களைப் பார்த்தேன். அவனும் தன் விரல்களைப் பார்த்தான். இந்தக் கதையை அவள் எனக்குத் தனியாக ஒருநாளும் சொன்னதில்லையே என்பதுதான் எனக்குப் பட்டது.

அந்த வருடம் சோளகக் காற்றுத் தொடங்கிய காலத்தில் அவர்களுடைய வேலை முட்டுப்பட்டு நின்றது. மருந்து போட்டார்கள். கலங்கள் சாகவில்லை. அளவைக் கூட்டினார்கள். அப்போதும் சாகவில்லை. புது மருந்து வரவழைத்துப் பார்த்தார்கள். அதுகள் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தன. அவள் மெலிந்துபோனாள். வீட்டுக்கு வந்தால் கதை குறைவு. என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, களைப்பு என்பாள். வேப்பமரத்தடிக் கதை மட்டும் நீண்டது. இப்போது அதில் சிரிப்பு இல்லை. அவளுடைய சிரிப்பில்தான் எனக்குப் பங்கில்லை என்று நினைத்திருந்தேன். கவலையிலும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கவலையில் பங்கு கிடைக்காதது கூடுதலாக வலித்தது.

ஒரு சனிக்கிழமை காலமை அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு தேங்காய் துருவினேன். வாளியை மேலே இழுத்தவள் அப்படியே நின்றாள். தண்ணீர் ததும்பிக் காலில் ஊற்றியது. அது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, சவர்க்கார நுரை கையோடு வேகமாக வந்தாள். என்னைத்தான் நோக்கி வருகிறாள் என்று நினைத்து நான் எழும்பினேன். யன்னல் விளிம்பில் கிடந்த கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

"ரெண்டு பேர் இருக்கினம்," என்று தொலைபேசியில் சொன்னது கேட்டது. "ஒராளை நாங்கள் பிடிச்சா மற்ற ஆள் அந்த வேலையை எடுக்கிறார். ரெண்டு பேரையும் ஒண்டாப் பிடிக்க வேணும்."

அந்த யோசனை எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பிறந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய்த் திருவலையோடு நின்றேன். ஆனால் அதைக் கடலுக்கு அக்கரையில் இருந்த ஒருவன்தான் முதலில் கேட்டான். தேங்காய்ப்பூவோடு சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து விழுகிற மட்டும் துருவிக்கொண்டிருந்தேன். அன்றைய சம்பல் கசந்தது. அவள் கவனிக்கவில்லை.

இரண்டாவது புரதத்தைப் பிடிக்கிற மருந்தும் வந்து சேர்ந்தது. கலங்களைத் தயார்ப்படுத்தி, மறுநாள் மருந்து போட வேண்டும் என்று இருந்தபோது பஸ்காரர் வேலைநிறுத்தம் என்றார்கள். அதோடு காற்றும் பலத்ததால் பாதையும் ஓடவில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிளும் பழுதாகிக் கிடந்ததால், அவனால் காரைநகரை விட்டு வர ஏலாது. அவன் அழைத்து, நாளை மறுநாள் செய்வோமா என்று கேட்டான். ஏலாது, கலங்கள் அளவான பருவத்தில் நிற்கின்றன, பிந்தினால் நெருங்கிப் போய்விடும் என்று அவள் சொன்னாள். விடிந்ததும் நான் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். பஸ்காரர்களுக்கும் காற்றுக்கும் மனதில் நன்றி சொன்னேன்.

வேலணை தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்தில் ஏறினபோது காற்று பக்கவாட்டில் அடித்தது. அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். தலைக்கவசம் தோளில் இடித்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். காற்றுக்காக மட்டும் குறைக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னாள். வெள்ளை மேலங்கி ஒன்றை எனக்கு மாட்டிவிட்டாள். கையுறைக்கு மேல் மதுசாரம் விசிறினாள். ஆஸ்பத்திரி மணம். பிறகு கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் இருந்து வேலையைத் தொடங்கினாள். வீட்டில் சாமான் கை தவறி விழுத்துகிற பெண் அவள். இங்கே அவளுடைய விரல்கள் ஒரு துளி கூடச் சிந்தவில்லை. ஒரு தட்டுக்கு முதல் மருந்து. ஒன்றுக்கு இரண்டாவது. ஒன்றுக்கு இரண்டும். இன்னொன்றில் இரண்டு மருந்தோடு வேறொன்றையும் விட்டாள். அது என்ன என்று கேட்டேன்.

"அது அவர் கேட்டது," என்றாள். "சாகிற நேரம் கலம் தன்ர உள்ளுடம்பைத் தானே வெட்டும். வெட்டுறதுக்கு நொதியங்கள் இருக்கு. இந்தத் தட்டில அந்த நொதியத்தை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். மற்றத் தட்டில செத்து, இதில சாகாட்டி, நாங்கள் நஞ்சு குடுத்துக் கொல்லேல்லை, அதுகள் தாங்களாத்தான் செத்தது எண்டு அர்த்தம்."

தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற பெட்டிக்குள் வைத்தாள். அது குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருந்தது, உள்ளே கை வைத்தால் வெப்பம். காத்திருந்தோம். கட்டிக்கொண்டு போன புட்டைப் படியில் இருந்து சாப்பிட்டோம். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒன்றும் செய்யாமல் இருந்தது அன்றுதான் என்று பட்டது. பள்ளிக்கூடத்துக் கதை கேட்டாள். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போவதைச் சொன்னேன். கேட்டாள்தான். கண் மட்டும் மணிக்கூட்டில் இருந்தது.

பின்னேரம் முதல் தட்டை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னாள். கலங்கள் கை கால் நீட்டிப் படுத்த மாதிரி அடித்தளத்தில் பரவி ஒட்டியிருந்தன. இரண்டாவது தட்டும் அப்படித்தான். மூன்றாவதை அவள் முதலில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விலகி எனக்கு இடம் விட்டாள்.

கலங்கள் பிடி விட்டு உருண்டு போயிருந்தன. உருண்டவற்றின் மேற்பரப்பு கொதிக்கிற கஞ்சி மாதிரி குமிழ் குமிழாகப் பொங்கியது. ஒன்று நான் பார்த்துக்கொண்டிருக்கவே சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்தது. வெடிக்கவில்லை, சிந்தவில்லை. ஒழுங்காக, தன்னைத் தானே மடித்துக் கட்டி வைத்த மாதிரி. கடைசித் தட்டைப் பார்த்தேன். நொதியத்தை நிறுத்தி வைத்த தட்டு. அதில் கலங்கள் ஒட்டினபடியே கிடந்தன.

நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தேன். அவள் மூன்றாவது தட்டைத் திரும்ப வைத்து, நுணுக்குக்காட்டியின் கண்ணில் கைத்தொலைபேசியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தை அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள்.

"செத்திட்டுது," என்றாள் தொலைபேசியில். "ஓம். ரெண்டையும் பிடிச்ச உடன செத்திட்டுது. உம்மட தட்டில சாகேல்லை."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில், அவள் மாட்டிவிட்ட மேலங்கியோடு, அவள் மூச்சு கேட்கிற தூரத்தில் நின்றேன்.

திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினேன். பெற்றோல் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"உம்மட சந்தோசம் எனக்கு எப்பவும் பழசாத்தான் வந்து சேருது," என்றேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் பிடிக்க நட்டிருந்த களங்கண்டித் தடிகளில் கொக்குகள் காற்றுக்கு ஒதுங்கி இருந்தன.

"நீங்கள் என்னட்டக் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான்," என்றாள். "எந்த பஸ்சில வருவீர் எண்டு. வேற என்னத்தைக் கேட்டிருக்கிறீங்கள்?"

திரும்ப ஏறினோம். மிச்ச வழியில் அவள் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அதே முடிவு இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் வந்தது. பேராசிரியர் கட்டுரை எழுதச் சொன்னார். அதற்காக அவன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அவளோடு இருந்து வேலை செய்தான். நான் என் அறையில் விடைத்தாள் திருத்தினேன். திருத்தினேன் என்று சொல்லலாம். காது முன் அறையில் இருந்தது. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதுதான் என்று அவன் தெளிவாகச் சொன்னது கேட்டது. அவள் மறுத்துப் பார்த்தாள். அவன் விடவில்லை. நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று எனக்கு எரிச்சல்.

பின்னேரம் அவனோடு துறைமட்டும் போய் வழியனுப்பச் சொன்னாள். பாதை அக்கரையில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் தூணில் சாய்ந்துகொண்டு காத்திருந்தோம். கடைசியில், உங்களுக்கு நல்ல சந்தோசமாக இருக்கும் என்று நான் சொன்னேன். சொல்லுக்குள் கொஞ்சம் முள் வைத்துத்தான் சொன்னேன்.

அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"உண்மையைச் சொல்லட்டே அண்ணை," என்றான். "அண்டைக்குப் படம் வந்த உடன எனக்குச் சந்தோசம் வரேல்லை. நான் வெளிநாட்டில இருக்கேக்கயும் இந்தக் கேள்விக்குள்ளதான் கிடந்தனான். எனக்கு வராதது அவவுக்கு உடுப்புத் தோய்க்கேக்க வந்திட்டுது. ரெண்டு பேர் இருக்கினம் எண்டு அவ சொன்ன அண்டைக்கு நான் ஃபோனை வைச்சிட்டு வெளியில போய்ச் சும்மா நடந்தனான். வாழ்த்துச் சொல்ல எனக்கு ஒரு நாள் எடுத்தது."

அந்த நேரத்தில் எனக்குள் முதலில் எழுந்தது ஒரு கேவலமான திருப்தி. அவனுக்கும் எரிகிறது. நல்லா எரியட்டும். பாதை இக்கரைக்கு வந்து முட்டி, ஆட்கள் இறங்கி, அவன் மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றி, கை காட்டிப் போனான். பாதை பாதிக் கடலைக் கடக்கிற மட்டும் அந்தத் திருப்தி இருந்தது. பிறகு அது கசந்தது. அவளுடைய வாழ்க்கையிலேயே ஆகப் பெரிய சந்தோசம் அது. அதை வாங்க இரண்டு பேர் இருந்தோம். இரண்டு பேருமே கையை நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்தேன்.

"அண்டைக்குக் கிணத்தடியில என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லும்," என்றேன்.

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு செதிலைத் தட்டிக்கொண்டே சொன்னாள். புரதங்களைக் கோடுகளாகக் காட்டுகிற பழைய பரிசோதனைப் படம் ஒன்றில் ஒரு கறுப்புக் கோடு இருந்ததாம். மருந்து போட்ட பக்கத்தில் அது தடித்திருந்ததாம். எல்லாரும் அழுக்கு என்று விட்டுவிட்டார்கள். வாளியை இழுத்தபோது, ஏன் என்றே தெரியாமல் அந்தக் கோடு கண்ணுக்குள் வந்தது. அது அழுக்கு இல்லை, இரண்டாவது புரதம், முதலாவதைப் பிடித்தவுடன் இது கூடியிருக்கிறது என்று பட்டது. அவ்வளவுதான்.

"நான் குசினியில நிண்டனான்," என்றேன். "என்னட்ட ஏன் சொல்லேல்லை?"

கத்தியை நிறுத்தி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"அப்ப நீங்கள் என்ர ஞாபகத்திலேயே இல்லை. அவருக்குச் சொன்னா எங்க பிழை எண்டு தேடுவார். நீங்கள் நல்லது எண்டு சொல்லுவீங்கள். எனக்கு அந்த நேரம் பிழை தேடுற ஆள்தான் தேவைப்பட்டது."

அது குத்தியது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. இரண்டாவது புரதத்தைப் பிடித்தால் நல்ல கலங்களும் சாகாதா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதுதான் இனிப் பெரிய பிரச்சினை என்றாள். இதயத்தின் கலங்களுக்கு அந்தப் புரதம் கட்டாயம் வேண்டும், இந்த மருந்து குடுவைக்குள் வேலை செய்வது வேறு, மனித உடம்புக்குள் போவது வேறு என்று சொல்லத் தொடங்கினாள். மீன் பாதி வெட்டினபடி கிடந்தது. பூனை வந்து ஒரு தலையைக் கொண்டுபோனது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

"அவர் போகேக்க என்ன சொன்னவர்?" என்று இடையில் கேட்டாள்.

"காத்துப் பலமா இருக்கு எண்டு சொன்னவர்," என்றேன்.

துறையில் கேட்டதை நான் அவளிடம் சொல்லவேயில்லை. கொஞ்ச நாள் கழித்து அவனே அவளிடம் சொல்லிவிட்டான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவன் சொன்னபோது அவள் வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருந்தாள். கேட்டால் கோபிப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வளவு முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் ஐசே," என்றாள் அவனிடம், கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி. "அந்தத் தட்டை நீர் கேட்டதே நான் பிழை எண்டு காட்டத்தானே."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்ததும், என்ன அவ்வளவு சிரிப்பு என்று கேட்டேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு, இருந்து, சொல்லத் தொடங்கினாள்.